களத்தில் யாரும் என்ன சாமி என்று கேட்கவில்லை

"அது கட்சிக்காரங்க விஷயம்மா. கிறிஸ்மஸ் பூசையில எதுக்கு?"

போன டிசம்பரில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் ஒரு பெரியவர் சொன்னது இது. நள்ளிரவுத் திருப்பலிக்கு விசுவாசிகள் மன்றாட்டு எழுதும் பொறுப்பு அந்த வருஷம் என்னிடம் வந்திருந்தது. திருத்தந்தைக்காக, ஆயர்களுக்காக, நாட்டை ஆள்வோருக்காக, நோயாளிகளுக்காக என்று வழக்கமாக வருவதை எழுதிவிட்டு, ஒன்றைக் கூட்டினேன். 1968ஆம் ஆண்டு இதே கிறிஸ்து பிறப்பு நாளின் இரவில் கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும், உழைத்தவர்கள் எல்லாருக்கும் உரிய கூலி கிடைக்கவும் ஆண்டவரை மன்றாடுவோம். அவ்வளவுதான் அந்த வரி. பெரியவர் தாளை வாங்கிப் படித்தார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், அந்த வரியின் மேல் நிதானமாக ஒரு கோடு போட்டார். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் தெருவில் சாவு விழுந்தால் முதலில் வந்து நிற்கிறவர், கஜா புயலில் கூரை போனவர்களுக்குத் தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தவர். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னார். "அவங்க நம்ம சாமியும் இல்லையேம்மா."

கட்சி விஷயம் என்றதற்கு எனக்குப் பதில் இருந்தது. இரண்டாவதாகச் சொன்னதுதான் உள்ளே போய்த் தைத்துக்கொண்டது. ஏனென்றால் அதைச் சொன்னபோது அவர் குரலில் வெறுப்பு துளியும் இல்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு நமக்குப் பத்திரிகை வரவில்லையே என்று சொல்வதைப் போல, சாதாரணமாகச் சொன்னார். நான் வரலாறு படிக்கிற மாணவி. கத்தோலிக்கக் குடும்பம். இந்த டெல்டாவில் என் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நட்டு, களை பறித்து, அறுத்தவர்கள். அந்த ஒரு வரி எனக்கு ஏன் அத்தனை முக்கியம் என்று அவரிடம் அன்றைக்கு நான் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

இரத்தமும் கூலியும்

வெண்மணி என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். அந்த ஊர் தலித் விவசாயக் கூலிகள் அரைப்படி நெல் கூலி கூட்டிக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள், வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கியதை எதிர்த்தார்கள். ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்தவர்கள் வெளியே வர முடியாமல் கரிக்கட்டையானார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். கீழ்நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற மிராசுதார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் அளவுக்குப் பெரிய நிலக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. எரிப்பு நடந்த அதே நாளில் நிலக்காரர் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் தொழிலாளிகளுக்குத் தண்டனை கிடைத்தது. இதெல்லாம் தெரிந்த கதை.

நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது வேறு இடத்தில். எங்கள் மறைக்கல்வியில் சில பாவங்களை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்வார்கள், வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் என்று. ஆபேலின் இரத்தம் அதில் வருகிறது. வேலைக்காரனுக்குக் கூலியை மறுப்பதும் வருகிறது. சின்ன வயதில் இதை ஒப்பித்தபோது இரண்டும் எப்படி ஒரே பட்டியலில் வரும் என்று யோசித்ததில்லை. கொலை எங்கே, கூலி எங்கே? வெண்மணியில் இரண்டும் ஒரே இரவில், ஒரே குடிசையில் சேர்ந்து நிற்கின்றன. யாக்கோபின் மடல் 5ஆம் அதிகாரம் 4ஆம் வசனம், உங்கள் வயலில் அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்துக்கொண்டீர்கள், அது கூக்குரலிடுகிறது என்கிறது. வயல், அறுவடை, கூலி. கடைமடையில் உட்கார்ந்து எழுதியதைப் போல இருக்கிறது அந்த வசனம். அதை நாங்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஞாயிறு வாசகத்தில் கேட்கிறோம், 'ஆண்டவரின் அருள்வாக்கு' என்று வாசகர் முடித்ததும், 'இறைவா உமக்கு நன்றி' என்று பதிலும் சொல்கிறோம்.

இன்னும் ஒன்று உண்டு. கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர் கூலியை ஆராய கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்ததும், நியாயக் கூலிச் சட்டம் வந்ததும் 1969இல். அதாவது அவர்கள் கேட்டது நியாயம்தான் என்று அரசே சட்டம் போட்டுச் சொன்னது, கேட்டவர்கள் எரிந்துபோன பிறகு. கட்சி விஷயம் என்று இதை எப்படி ஒதுக்குவது? கேட்டது நியாயம், கேட்டதற்காகக் கொன்றார்கள். இதற்காக மன்றாடாத கோயில் எதற்காகத்தான் மன்றாடும்?

அப்பாயி சொன்னது

பூசை முடிந்து விடியற்காலையில் வீட்டுக்கு வந்து அப்பாயியிடம் சொன்னேன். என் அப்பாயிக்கு 1968இல் நாற்றுப் பறிக்கிற வயது. வெண்மணி இல்லை, வேறு ஊர், ஆனால் அதே கீழத்தஞ்சை. சேதி வந்த நாளில் அவருடைய அப்பா பிள்ளைகளைத் தெருவை விட்டு வெளியே விடவில்லையாம். ஓலைக் கீற்றில் கட்டிய கிறிஸ்மஸ் நட்சத்திரத்தை அன்றைக்கே கழற்றிவிட்டார்களாம், ராத்திரியில் வெளிச்சம் தெரிய வேண்டாம் என்று. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சாமியார் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை என்றும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார்.

அப்புறம் நான் கேட்காமலே களத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அடித்துத் தூற்றிய நெல் பொலியாகக் குவிந்திருக்கும். பண்ணையின் காரியக்காரர் நெல் அளக்கும் மரக்காலோடு உட்காருவார். முதல் மரக்காலை ஒன்று என்று எண்ண மாட்டார், 'லாபம்' என்று சொல்லித்தான் போடுவார். பண்ணைக்கு அளக்கும்போது மரக்காலின் மேல் நெல் கோபுரமாக நிற்கும், சரிந்து விழும் வரைக்கும். கூலி அளக்க வேறு மரக்கால் வரும், கொஞ்சம் சின்னது. அதிலும் இடது கையால் விளிம்போடு சேர்த்து வழித்துவிடுவார். இவர்கள் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துக் குனிந்து நிற்க வேண்டும். பட்டுவிடக் கூடாது என்று மேலே இருந்தே கொட்டுவார், அந்த வேகத்தில் ஒரு பிடி நெல் தெறித்துத் தரையில் போகும். அதைப் பொறுக்கினால் திட்டு. இதைச் சொல்லும்போது அப்பாயி தன் முந்தானையை விரித்துப் பிடித்தே காட்டினார். முதுகு தானாக வளைந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த உடம்புக்கு எந்த உயரத்தில் குனிய வேண்டும் என்று இன்னும் தெரிந்திருக்கிறது.

1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் இந்தப் பக்கம் வந்து பண்ணையாட்களைத் திரட்டியபோது எழுந்த குரல்கள் எல்லாருக்கும் தெரியும். சாணிப்பால் புகட்டாதே, சவுக்கால் அடிக்காதே. அவற்றோடு கூடவே இருந்த இன்னொரு கோரிக்கை, முத்திரை போட்ட மரக்காலில் கூலியை அள என்பது. புத்தகத்தில் படித்தபோது அது எனக்கு ஒரு பொருளாதாரக் கோரிக்கையாக மட்டும்தான் தெரிந்தது. அப்பாயி குனிந்து காட்டிய பிறகுதான் அதன் கனம் புரிந்தது. உனக்கு ஒரு அளவு, எனக்கு ஒரு அளவு என்று இருக்கக் கூடாது. கடவுளின் சாயலாக மனிதன் படைக்கப்பட்டான் என்று தொடக்கநூலின் முதல் அதிகாரம் சொல்வதைக் களத்து மொழியில் சொன்னால் இப்படித்தான் வரும் என்று நான் நம்புகிறேன்.

கடைசியாகத்தான் பெரியவர் சொன்னதைச் சொன்னேன். அவங்க நம்ம சாமி இல்லையாம், அப்பாயி. அவர் முந்தானையை உதறிவிட்டு நிமிர்ந்தார். "படி அளக்குறப்ப எங்கள யாரும் நீ என்ன சாமின்னு கேக்கல. வேளாங்கண்ணி மாதாவக் கும்புட்டவளுக்கும் காளியம்மாவக் கும்புட்டவளுக்கும் ஒரே மரக்கால்லதான் கொறச்சு அளந்தான்."

அன்றைக்கு நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாக்கியத்துக்குப் பிறகு என்னால் பழையபடி யோசிக்க முடியவில்லை.

கேட்டவர்கள் யார்?

களத்தில் கேட்காத அந்தக் கேள்வியை யார் யார் கேட்டார்கள் என்று தேட ஆரம்பித்தேன். முதலில் கேட்டது அரசு. என் சாதிச் சான்றிதழில் 'கிறித்தவ ஆதிதிராவிடர்' என்று இருக்கும், பிரிவு பிற்படுத்தப்பட்டோர். அதே தெருவில், அதே வரிசையில், ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழியில் வந்த என் ஒன்றுவிட்ட தங்கை பட்டியல் சாதி, ஏனென்றால் அவர்கள் வீட்டில் யாரும் ஞானஸ்நானம் வாங்கவில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி இந்துக்களை மட்டும்தான் பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களை. கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் இன்றுவரை வெளியே. தெருவில் யாராவது எங்கள் இரண்டு பேரையும் ஒரே வசைச்சொல்லால் திட்டினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அவளுக்கு உண்டு, எனக்கு இல்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர், தன் தொழில் செய்யும் மற்றவர்களுக்குக் கொடுத்த பங்க் கடை கிறிஸ்தவன் என்பதால் தனக்கு மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பின்னும் அதே கடுமையோடு ஒடுக்குமுறை தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை எனச் சொல்லி 1985இல் வழக்கைத் தள்ளினார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் இந்தத் தடையை நீக்கச் சொன்னது. 2022இல் இதையே ஆராய பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தார்கள். அலுவலகக் கோப்புகளில் இந்தக் கேள்வி இத்தனை காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவதாகக் கேட்டது நாங்கள், கிறிஸ்தவர்கள். அதைச் சொல்லாமல் அரசை மட்டும் சொல்வது நேர்மை இல்லை. கல்லூரி நூலகத்தில் தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் வரலாற்றைப் படித்தபோது ராஜநாயக்கன் என்பவரைத் தெரிந்துகொண்டேன். கத்தோலிக்கராகப் பிறந்த பறையர், தஞ்சாவூர் அரசரின் படையில் இருந்தவர். தரங்கம்பாடி அச்சில் வந்த நற்செய்திப் புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்துப் படித்துப் படைவேலையை விட்டு உபதேசியார் ஆனார். ஆரோன் 1733இல் லுத்தரன் சபையின் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார். அடுத்து யார் என்ற பேச்சு வந்தபோது ராஜநாயக்கனின் பெயரும் வந்தது. ஆனால் அவர் கையால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்ற நிலை. 1741இல் அபிஷேகம் பெற்றவர் தியோகு. ராஜநாயக்கன் கடைசி வரை உபதேசியாராகவே ஊர் ஊராக நடந்தார். என் உடலை உண்ணுங்கள் என்று ஆண்டவர் நீட்டியதை எந்தக் கை கொடுக்கிறது என்று பார்த்தார்கள். கத்தோலிக்கப் பக்கமும் பெருமைப்பட ஒன்றும் இல்லை. மதுரை மிஷனில் மேல்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று பிரித்தே வேலை செய்தார்கள். 1833இல் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியே கூடாது என்று கறாராக எழுதியபோது, தஞ்சாவூரில் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். 2003இல் தமிழ்நாட்டு ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வரைக்கும் இதைக் கண்டித்திருக்கிறார். கண்டிக்க வேண்டிய தேவை அப்போதும் இருந்தது என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

சரி, கடவுள் கேட்பாரா? மத்தேயு 25ஆம் அதிகாரத்தை நான் இந்த ஒரு கேள்விக்காகவே திரும்ப வாசித்தேன். பசியாய் இருந்தேன், உணவு கொடுத்தீர்கள். அரியணையில் உட்காருகிறவர் அதைத்தான் சொல்கிறார். பசித்தவன் எந்தக் கோயிலுக்குப் போனான், ஞானஸ்நானப் பதிவேட்டில் பேர் உண்டா என்று அங்கே பேச்சே இல்லை. அடித்தவனும் அதைக் கேட்கவில்லை, தீர்ப்பிட வருகிறவரும் கேட்கப்போவதில்லை. நடுவில் நாம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வெண்மணிச் சேதி கேட்டு இந்த மண்ணுக்கு வந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். செங்கொடிக்காரர்கள் ஏற்கெனவே இங்கேதான் இருந்தார்கள். காந்திய வழியில் வந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் வந்தார், இங்கேயே தங்கினார், 1981இல் லாப்டி என்ற நில உரிமை இயக்கத்தைத் தொடங்கி நிலமற்ற குடும்பத்துப் பெண்களின் பேரில் நிலம் வாங்கிக் கொடுத்தார். வேளாங்கண்ணிக்கும் வெண்மணிக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஒரே நாளில் அங்கே லட்சக்கணக்கான மெழுகுதிரி, இங்கே 44 பேருக்கு வீரவணக்கம். இரண்டு கூட்டமும் ஒரே சாலைகளில்தான் போய் வருகின்றன. எங்கள் சபைக் கன்னியர்கள் பள்ளிக்கூடம் கட்டியதால்தான் என் அம்மா படித்தார், நான் படிக்கிறேன், அதை மறந்து பேசவில்லை. ஏழைகளுக்குக் கொடுப்பதில் எங்கள் கை எப்போதும் தாராளம்தான். ஏழை எழுந்து, இது என் உரிமை, கொடு என்று கேட்கும்போதுதான் அது எங்களுக்குக் கட்சி விஷயம் ஆகிவிடுகிறது. இதை நான் ஏற்க மாட்டேன். வலியோரை அரியணையிலிருந்து இறக்கித் தாழ்ந்தோரை உயர்த்தினார் என்று பாடிய பெண்ணைத்தானே மாதா என்று கொடியேற்றிக் கும்பிடுகிறோம்? அந்தப் பாட்டை ஒரு வயலில் நின்று பாடிப் பாருங்கள், உங்களையும் கட்சிக்காரர் என்பார்கள்.

கிறிஸ்மஸில் சாவுச் சேதி எதற்கு என்பவர்களுக்கு எங்கள் வழிபாட்டு நாள்காட்டியே பதில் சொல்கிறது. டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் விழா. ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகள். அவர்களில் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கிடையாது, இயேசு என்ற பேரையே கேள்விப்பட்டிராதவர்கள். ஆனாலும் திருச்சபை அவர்களை மறைசாட்சிகள் என்று பீடத்தில் வைத்துக் கொண்டாடுகிறது. வெண்மணியில் ஒரு தாய், குழந்தையாவது பிழைக்கட்டும் என்று வெளியே எறிந்தாள், அதைத் தூக்கித் திரும்ப நெருப்பில் போட்டார்கள் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். பெத்லகேம் குழந்தைகளுக்கு உள்ள இடம் அந்தக் குழந்தைக்கு ஏன் இல்லை என்று எந்த இறையியல் படித்தவரும் எனக்கு விளக்க முடியும் என்று தோன்றவில்லை.

நம் களம்

யாக்கோபின் வசனத்தை மிராசுதார்களைப் பார்த்து மட்டும் படித்தால் அது சுலபம். அந்தக் காலத்து மரக்கால் போய்விட்டது, பண்ணைகள் சுருங்கிவிட்டன, அறுப்புக்கு மெஷின் வந்துவிட்டது. நடவுக்குப் போகும் பெண்ணுக்கு மட்டும் இன்னும் ஆண் கூலி கிடைப்பதில்லை. அதைப் பற்றி எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. அதைவிடப் பக்கத்தில் பார்த்தால், எங்கள் கோயில் வளாகத்திலேயே கூலி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கோயில்பிள்ளை இருக்கிறார். கல்லறைத் தோட்டத்தைச் செதுக்கி, கழிவறையைக் கழுவி, பூசைக்கு முன்னால் கோயிலைப் பெருக்குகிற அக்கா இருக்கிறார். அவருக்கு என்ன கொடுக்கிறோம் என்று பங்கில் பாதிப் பேருக்குத் தெரியாது. பெருநாளுக்குப் புடவை கொடுக்கிறோம் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்துக்கு ஒரு கேள்வி எழுதியிருக்கிறேன். அக்காவின் மாதக் கூலி என்ன, அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கு அது சமமா, இல்லையென்றால் எந்த மாதத்திலிருந்து சமமாக்கப்போகிறோம்? பேரவையில் வைப்பதற்கு முன்னால் அவரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அவருடைய கூலியைப் பற்றி அவரைக் கேட்காமல் நான் பேசினால் அதுவும் மேலே இருந்து கொட்டுவதுதான். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"கேளு பாப்பா. ஆனா யாரோ ஒரு அக்கான்னு எழுதாத, எம்பேர எழுதிக் கேளு. பெருநாள் முடிஞ்சா தேர்ச் செலவு, மின்விளக்குச் செலவுன்னு கணக்கு எழுதி ஒட்டுறாங்கல்ல? அதுக்குக் கீழ என் கூலியையும் எழுதி ஒட்டச் சொல்லு."

பேரையும் எழுதினேன், கணக்கு ஒட்டும் கோரிக்கையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.